லேப் அனுபவம் வீணாகுமா?

எச்பிஎல்சி (கலவையில் உள்ள வேதிப்பொருட்களைப் பிரித்து அளக்கும் லேப் கருவி) முன்னால் 8 வருடம் நின்றுவிட்டு மருத்துவத் தரவுத் துறைக்குப் போனால், படித்த வேதியியல் வீணாகிவிடுமா என்று கேட்டிருந்தீர்கள். ஆகவே ஆகாதுங்க.

ஒரு லேப் குளுக்கோஸ் 90 என்று அனுப்புகிறது, இன்னொன்று 5 என்கிறது. இரண்டும் ஒரே அளவுதான். முதலாவது மில்லிகிராம்/டெசிலிட்டர், அடுத்தது மில்லிமோல்/லிட்டர். குளுக்கோஸின் மூலக்கூறு எடை 180, ஒரு லிட்டருக்கு 10 டெசிலிட்டர் என்பதால் 18ஆல் வகுக்கிறோம். லேப் பரிசோதனைகளுக்குப் பொதுக் குறியீடு தரும் லாயிங்க் (LOINC) தரநிலையில் இவற்றுக்கு 2345-7, 14749-6 என்று தனித்தனிக் குறியீடு. ஏன் தனித்தனி என்று நிரல் மட்டும் தெரிந்தவருக்கு விளக்க வேண்டியிருக்கும். மோல் கணக்குப் போட்டுப் பழகிய உங்களுக்குத் தேவையில்லை.

அதனால் லாயிங்கிலிருந்தே தொடங்குங்கள். அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் உள்ள ரீகன்ஸ்ட்ரீஃப் நிறுவனம் அதை 1994இல் தொடங்கியது, பதிவு செய்தால் இலவசம். எதை, எந்தப் பண்பாக, எந்த நேரத்துக்கு, எந்த மாதிரியில், எந்த அளவுகோலில், எந்த முறையில் அளந்தோம் என்ற ஆறு கேள்விகள்தான் அதன் உயிர். வீட்டில் கிடக்கும் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை எடுத்து, ஒவ்வொரு வரிக்கும் நீங்களே குறியீடு தேடுங்கள். அப்புறம் பைத்தான் நிரல்மொழி, மருத்துவ மென்பொருள்கள் தமக்குள் தரவைப் பரிமாறிக்கொள்ள உதவும் எச்எல்7 ஃபயர் (HL7 FHIR) தரநிலை. மூலக்கூறுகளைக் கணினியில் கையாளும் ஆர்டிகிட் (RDKit) மென்பொருள் அருமையானது, ஆனால் அது மருந்துக் கண்டுபிடிப்புப் பக்கம் போகும் வழி. இப்போதைக்குத் தள்ளிவையுங்கள்.

வேலையை மட்டும் அவசரப்பட்டு விட்டுவிடாதீர்கள்.