சாவி கூரியரில் வருமா?

கேள்வி: அடுத்த மாதம் ஒரு பெருநகரத்தில் வேலையில் சேர்கிறேன். அங்கே எனக்கு யாரையும் தெரியாது. இணையத்தில் ஒரு வீடு பார்த்தேன். அக்கம்பக்கத்து வீடுகளைவிட வாடகை பாதிதான். உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறாராம். அட்வான்ஸ் அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்பிவிடுவதாகச் சொல்கிறார். இன்னும் 2 பேர் கேட்பதால் இன்றைக்கே முடிவு சொல்ல வேண்டுமாம். அனுப்பலாமா?

பதில்: அனுப்பாதீர்கள். பாதி வாடகை, வெளிநாட்டில் ஆள், கூரியரில் சாவி, இன்றைக்கே பணம். இதில் ஏதாவது ஒன்று மட்டும் என்றால் உண்மையாக இருக்கலாம். எல்லாம் ஒரே வீட்டுக்கு வந்து சேர்ந்தால், அந்த வீடு பெரும்பாலும் அவருடையதாக இருக்காது. விற்பனைக்கு என்று வேறு யாரோ போட்ட படங்களை எடுத்துப் போட்டு இப்படிப் பணம் பறிப்பது பழைய வேலை. அந்தப் படங்களைக் கூகுள் படத் தேடலில் போட்டுப் பாருங்கள். அதே சமையலறை இன்னொரு ஊரில், இன்னொரு விலையில் கிடைக்கலாம். கிடைக்கவில்லை என்பதற்காக ஆளை நம்பிவிடவும் வேண்டாம்.

நேரில் பார்த்துவிட்டால் மட்டும் போதுமா என்றால், அதுவும் போதாது. சில நாளுக்கு வாடகைக்கு எடுத்த வீட்டைத் தன் வீடு என்று காட்டி, நாலைந்து பேரிடம் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு மறைகிறவர்கள் உண்டு. வீட்டு வரி ரசீதில் உள்ள பெயரும் அவருடைய அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றா என்று பாருங்கள். காட்டச் சொன்னால் கோபப்படுகிறவரிடம் வீடு எடுக்காமலிருப்பதே நல்லது.

சரி, நீங்கள் கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். ஊரையே பார்க்காமல் வீட்டை ஏன் முடிவு செய்ய வேண்டும்? முதல் 3, 4 வாரம் ஒரு விடுதியிலோ பகிர்வு அறையிலோ தங்குங்கள். நாள் கணக்கில் கொஞ்சம் கூடத்தான் ஆகும். ஆனால் தப்பான இடத்தில் ஒரு வருஷ ஒப்பந்தம் போட்டு மாட்டிக்கொள்வதோடு பார்த்தால் அது பெரிய செலவில்லை. நான் முதன்முதலில் வீடு பார்க்கப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். பஸ்ஸில் 20 நிமிஷம், அன்றைக்கே சரி என்று சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை காலையில் அதே தூரம் ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுத்தது. 11 மாதம் அப்படித்தான் போய் வந்தேன்.

மனிதர்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக ஒரு மணி நேரம்தான் பயணத்துக்குக் கொடுக்கிறார்கள் என்று இத்தாலிய இயற்பியலாளர் செசாரே மார்க்கெட்டி 1994-ல் எழுதினார். போக அரை மணி, வர அரை மணி. பெருநகரத்தில் அந்த அளவுக்குள் வீடு கிடைப்பது கஷ்டம்தான். இருந்தாலும் வாடகை குறைவு என்று தள்ளிப் போகிறவர்கள், மிச்சமாகும் பணத்தில் பஸ், ரயில் செலவைக் கழித்துவிட்டு, மீதியை மாதம் முழுவதும் வழியில் போகும் மணிகளால் வகுத்துப் பார்க்கலாம். அந்தக் கூலிக்கு நீங்கள் வேலை செய்வீர்களா?

வீட்டை ஒரு தடவை இருட்டிய பிறகும் போய்ப் பாருங்கள். எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்துவிடுங்கள். காலி செய்கிறவர் இன்னும் அங்கே இருந்தால் ஏன் போகிறார் என்று கேளுங்கள். உரிமையாளர் பக்கத்தில் நிற்கும்போது வேண்டாம். அப்புறம் ஒப்பந்தத்தில் 3 இடங்களை நிதானமாகப் படியுங்கள்: காலி செய்ய எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், ரிப்பேர் யார் செலவு, அட்வான்ஸில் எதற்கெல்லாம் பிடிப்பார்கள். சாமான் இறக்குவதற்கு முன்பே சுவர், தரை, மின்சார மீட்டர் எல்லாவற்றையும் படமெடுத்து உரிமையாளருக்கே அனுப்பி வையுங்கள். காலி செய்யும் நாளில் பழைய விரிசலுக்கு உங்களிடம் காசு பிடிக்க முடியாது.

இப்போதைக்கு அந்த வெளிநாட்டுக்காரருக்கு ஒரு வரி அனுப்புங்கள்: 'அடுத்த மாதம் வந்து வீட்டைப் பார்த்த பிறகு பணம் தருகிறேன்.' அதற்கு என்ன பதில் வருகிறது என்று எனக்கும் எழுதுங்கள்.