மின்சார லாரிக்கு மாறுதல்: லாரி உரிமையாளர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: சங்ககிரியில் பன்னிரண்டு லாரிகள் வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிடலாமா?

பதில்: வேண்டாம். மூன்று மாத டிரிப் ஷீட்டுகளை எடுத்துப் பாருங்கள். லோடு கிடைக்கும் ஊருக்கெல்லாம் ஓடும் வண்டி இப்போதைக்கு டீசலிலேயே ஓடட்டும். ஆலைக்கும் கிடங்குக்கும் இடையே ஒரே தடத்தில் தினமும் போய்வரும் வண்டிதான் முதலில் மாற வேண்டியது.

கேள்வி: உண்மையில் எவ்வளவு மிச்சமாகும்?

பதில்: உங்கள் டிரெய்லர் லிட்டருக்கு 3 கிலோமீட்டர் ஓடுகிறது, டீசல் 93 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், கிலோமீட்டருக்கு 31 ரூபாய் ஆகிறது. மின்சார வண்டி கிலோமீட்டருக்கு 1.4 யூனிட் எடுத்து, யூனிட் 10 ரூபாய்க்குக் கிடைத்தால் செலவு 14 ரூபாய். மாதம் 6,000 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு இது ஏறத்தாழ ஒரு லட்சம் ரூபாய் மிச்சம். ஆனால் வண்டியின் விலை அதிகம் என்பதால், கூடுதலாகக் கட்டும் தவணை இந்தத் தொகைக்குள் அடங்குகிறதா என்று பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள். மாதம் 3,000 கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டிக்கு மிச்சம் பாதியாகிவிடும், தவணை குறையாது.

கேள்வி: தொப்பூர் கணவாயில் பாரத்தோடு இறங்குவது பாதுகாப்பானதா?

பதில்: டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் இறக்கி, பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய் அங்கே எத்தனை உயிர்கள் போயிருக்கின்றன என்பது நம் எல்லோருக்கும் தெரியும். மின்சார லாரியில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மோட்டாரே வேகத்தைக் குறைத்து, அந்த ஆற்றலைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. ஆனால் பேட்டரி முழுதாக நிறைந்திருந்தால் அதை ஏற்க இடமிருக்காது என்பதால், இறக்கத்துக்குச் சற்று முன்பு 100 சதவீதம் சார்ஜ் ஏற்ற வேண்டாம் என்று ஓட்டுநரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

கேள்வி: மானியம், பெர்மிட் பற்றி?

பதில்: மத்திய அரசின் பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் மின்சார லாரி ஒன்றுக்கு மானிய உச்சவரம்பு 9.6 லட்சம் ரூபாய். பழைய லாரியை உடைத்ததற்கான சான்றிதழ் கட்டாயம். மின்சார வண்டிகளுக்குப் பெர்மிட்டிலிருந்து 2018-லேயே விலக்கு அளிக்கப்பட்டுவிட்டது. எப்.சி.யும் (வண்டியின் தகுதிச் சான்றிதழ்) இன்சூரன்சும் வழக்கம்போலத் தேவை.

கேள்வி: எங்கள் ஷெட்டிலேயே சார்ஜர் வைக்கலாமா?

பதில்: வைக்கலாம், வைப்பதுதான் நல்லது. ஆனால் 240 கிலோவாட் சார்ஜர் ஒன்று வைத்தாலே உயரழுத்த இணைப்பும் தனி டிரான்ஸ்பார்மரும் வேண்டியிருக்கும். ஆகவே வண்டியை புக் செய்வதற்கு முன்பே மின்வாரியத்தில் விண்ணப்பித்துவிடுங்கள்.