அம்மாவை அமெரிக்காவில் குறைந்த வாடகை முதியோர் குடியிருப்பில் குடிவைக்கலாமா? ஊரில் என்ன பேசுவார்கள்?

கேட்டவர் ஒரு மகன் என்று வைத்துக்கொள்கிறேன். வீட்டில் இடம் போதவில்லையோ, மாமியார் மருமகள் விஷயமோ, எதுவானாலும் எனக்குச் சொல்ல வேண்டாம். "ஊரில் என்ன பேசுவார்கள்" என்று சேர்த்திருக்கிறீர்களே, அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நியூ ஜெர்சியில் அப்படிப்பட்ட ஒரு குடியிருப்பில்தான் தனியாக இருக்கிறேன். மகன் வீடு காரில் அரை மணி நேரம். அவன் என்னைத் துரத்தவில்லை, நானாகத்தான் வந்தேன். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. கோயிலில் பார்க்கிறவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளை வந்து பார்க்கிறானா?" என்று குரலை இறக்கிக் கேட்கிறார்கள். அவர்களில் பாதிப் பேர் மகன் வீட்டில் பேரனுக்கு டயப்பர் மாற்றிக்கொண்டு, கார் ஓட்டத் தெரியாமல் ஐந்து நாளும் அடைந்து கிடக்கிறவர்கள். அதை நான் குறை சொல்லவில்லை, சிலருக்கு அது பிடித்திருக்கிறது. என்னைப் பார்த்துப் பரிதாபப்படாமல் இருந்தால் போதும்.

இங்கே சமையல்காரரும் கிடையாது, நர்ஸும் கிடையாது. லீஸில் என் கையெழுத்து, சாவி என் பையில். ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை, குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி, விழுந்தால் இழுக்க ஒரு கயிறு. தரை துடைக்க இடைஞ்சல் என்று அந்தக் கயிற்றைச் சுருட்டி மேலே கட்டினால் இன்ஸ்பெக்‌ஷனில் குறை எழுதிவிடுவார்கள். விழுந்து கிடக்கிறவளுக்கு எட்டாத கயிறு எதற்கு? நியாயம்தான். உங்கள் அம்மாவுக்குக் குளிக்க, மாத்திரை எடுத்துக்கொடுக்க ஆள் வேண்டுமென்றால் இந்த இடம் மட்டும் போதாது. ஆளைத் தனியாக ஏற்பாடு செய்ய வேண்டும்.

வாடகை விஷயத்தில்தான் எல்லாரும் குழம்புகிறார்கள். 'செக்‌ஷன் 202' என்பது 1959ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொடங்கிய, முதியோர் வீடுகளுக்கான அமெரிக்க அரசுத் திட்டம். 62 வயது ஆகியிருக்க வேண்டும், வருமானமும் குறைவாக இருக்க வேண்டும். பொதுவாக, கழிவுகள் போக மிஞ்சும் வருமானத்தில் 30 சதவீதம் வாடகை. இன்னொரு வகை, குறைந்த வாடகை வீடு கட்டுகிறவர்களுக்கென்று 1986இல் வந்த வரிச்சலுகையை வைத்துக் கட்டியவை. அங்கே வாடகையின் உச்சவரம்பு அந்த வட்டாரத்தின் வருமானக் கணக்கைப் பொறுத்தது. அம்மாவின் வருமானம் குறைந்தாலும் வாடகை தானாக இறங்காது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிக் கட்டடம்தான், அதனால் எந்த வகை என்று போனிலேயே கேட்டுவிடுங்கள்.

தனிமையை விட என்னைப் படுத்தியது காகிதம். ஆண்டுதோறும் வருமானத்தை மறுபடி சரிபார்ப்பார்கள். ஊரில் இருக்கும் சேமிப்பும் வட்டியும்கூடக் கணக்கில் சேரும். எனக்கு ஆசிரியர் பென்ஷன் உண்டு, கும்பகோணத்தில் ஒரு வங்கியில் எஃப்.டி. உண்டு. "சொல்லாமல் விட்டுவிடுங்கள், யாருக்குத் தெரியப்போகிறது" என்று யோசனை சொன்னவர்கள் இருக்கிறார்கள். பொய்க் கையெழுத்துப் போட்டால் வீடும் போகும், மானமும் போகும்.

சரி, குடியிருப்பு அலுவலகத்தில் வங்கிக் கடிதம் கேட்டார்கள். வங்கிக்குப் போன் செய்தால், "நேரில் வாங்கம்மா." அண்ணன் மகனை அனுப்பினேன். அவனிடம் பாஸ்புக்கின் கடைசிப் பக்கத்தில் ஒரு முத்திரை குத்திக் கொடுத்தார்கள். ஆண்டு முழுவதற்கும் வட்டி எவ்வளவு என்று அதில் ஒரு வரி இல்லை. இங்கே மேனேஜர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். காலக்கெடு தாண்டினால் அரசின் வாடகை உதவி நின்று முழு வாடகை கட்ட நேரிடும் என்று நோட்டீஸ் வேறு.

நெட் பேங்கிங்கில் எடுக்கலாமே என்பீர்கள். அதற்கு ஓ.டி.பி. வர வேண்டும், ஊர் நம்பருக்கு. ரீசார்ஜ் செய்யாததால் அந்த சிம் செத்துப்போயிருந்தது. நம்பரை மாற்ற வேண்டுமா? அதற்கும் பழைய நம்பருக்கு ஓ.டி.பி.! வெளிநாட்டில் இருக்கும் கிழவிக்கு அவள் பணத்தை அவளிடமே காட்டாமல் இருப்பதற்குப் பாதுகாப்பு என்று பேர். வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தால் ஒரே பாட்டு ஓடுகிறது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் இதை எங்கேயாவது எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

கடைசியில் அண்ணன் மகன் என் அதிகாரக் கடிதத்தோடு போய் உட்கார்ந்து, வட்டிச் சான்றிதழை லெட்டர்ஹெட்டில் வாங்கிவிட்டான். ஆண்டுக்கு 1,200 டாலர் வட்டி என்றால் வாடகை மாதம் 30 டாலர் ஏறும், அவ்வளவுதான் கணக்கு. அப்புறம் இன்னொன்று: நீங்கள் மாதாமாதம் அம்மாவுக்குப் பணம் போட்டால் அதுவும் வருமானமாகச் சேரும். எப்போதாவது பிறந்தநாளுக்குக் கொடுப்பது சேராது.

"வரி கட்டுகிறவன் காசில் இருக்கிறீர்கள்" என்று கீழே யாராவது எழுதுவார்கள். நான் குடியுரிமை பெற்றவள். சட்டம் கேட்ட காகிதம் அத்தனையும் கொடுத்து, கேட்ட வாடகையைக் கட்டுகிறேன்.

அம்மாவுக்குச் சம்மதமா என்று கேள்வியில் இல்லை. முதலில் அவரிடம் கேளுங்கள். சரி என்றால் இன்றைக்கே விண்ணப்பம் போடுங்கள், ஒரு கட்டடத்துக்கு மட்டும் போட்டுவிட்டு உட்காராதீர்கள். வெயிட்டிங் லிஸ்ட் பல இடங்களில் வருடக்கணக்கில் இழுக்கும். நடுவில் "இன்னும் வேண்டுமா?" என்று கேட்டுத் தபாலில் கடிதம் வரும், பதில் போடாவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். நீங்கள் வீடு மாறினால் புது முகவரியை ஒவ்வோர் அலுவலகத்துக்கும் தனித்தனியாக எழுதிக் கொடுத்துவிடுங்கள்.