கூடைப்பந்து: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: கோவையில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கல்லூரி அணியில் பாயிண்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டுபோய் மற்றவர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கிற ஆள். போன மேட்சில் 22 புள்ளி எடுத்தேன், எங்கள் அணியில் நான்தான் அதிகம். ஆனாலும் கோச் கடைசி குவார்ட்டரில் என்னை உட்கார வைத்துவிட்டார். ‘ஷாட் செலக்‌ஷன் (எப்போது, எங்கிருந்து எறிவது என்ற தேர்வு) சரியில்லை’ என்கிறார். பந்து உள்ளே விழுகிறதே, அப்புறம் என்ன தப்பு?
– கல்லூரி மாணவர், உடுமலை

பதில்: கண்ணு, 22 புள்ளி என்று எழுதியிருக்கிறாய், எத்தனை ஷாட்டில் என்று எழுதவில்லை. 12 ஷாட்டில் வந்திருந்தால் உன் கோச்சிடம் நானே பேசுவேன். 27 ஷாட்டில் வந்திருந்தால் அவர் செய்தது சரி.

விழுந்த ஷாட் எல்லாம் நல்ல ஷாட் கிடையாது. பந்து கையை விட்டுப் போகும் நேரத்தில் களத்தில் யார் எங்கே நின்றார்கள் என்பதைத்தான் கோச் பார்ப்பார். பந்து கிடைத்தால் எறிவதற்கு 24 நொடி கையில் இருக்கிறது. ஆறாவது நொடியிலேயே, எதிராளியின் கை முகத்துக்கு நேரே நிற்க, டிரிபிளை (பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு போவதை) நிறுத்திவிட்டு எறிகிறாய் என்று வைத்துக்கொள். ரிங்குக்குப் பக்கத்தில் ஆடும் உன் போஸ்ட் ஆள் இன்னும் பாதி தூரத்தில் ஓடி வந்துகொண்டிருக்கிறான். ரீபவுண்டுக்கு, அதாவது தவறித் தெறிக்கும் பந்தைப் பிடிக்க, யாரும் இல்லை. தூரத்தில் இருந்து போட்டுத் தவறும் பந்து ரிங்கில் பட்டு நீளமாகத் தெறிக்கும், அது எதிரணிக்கு ஃபாஸ்ட் பிரேக், நீங்கள் திரும்புவதற்குள் ஓடிப்போய் ரிங்குக்கு அடியில் லே-அப் போட்டுவிடுவார்கள். அந்த லே-அப்புக்கும் உன் ஷாட்தான் காரணம், ஆனால் ஸ்கோர் ஷீட்டில் உன் பேரில் ஏறாது.

கார்டுகளிடம் நான் அதிகம் பார்ப்பது, கோட்டுக்கு ஓர் அடி உள்ளே நின்று எறிவது. த்ரீ பாயிண்ட் கோடு 6.75 மீட்டரில் இருக்கிறது, அதற்கு வெளியே இருந்து போட்டால் மூன்று புள்ளி, உள்ளே இருந்து போட்டால் இரண்டு. அங்கே இருந்து பத்தில் நான்கு போட்டால் 12 புள்ளி. ஓர் அடி உள்ளே வந்தால் கஷ்டம் ஏறக்குறைய அதேதான், அதே நான்குக்கு 8 புள்ளிதான். ரிங்குக்கு அடியில் போனால் பத்தில் ஆறு விழும், ஃபவுலும் கிடைக்கும். இந்தக் கணக்கு பி.காம். பையனுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை.

உங்கள் வயதுப் பையன்கள் எல்லாரும், தூர ஷாட்டுக்குப் பேர்போன அமெரிக்க ஆட்டக்காரர் ஸ்டீபன் கரியைக் காட்டுவீர்கள். சரி, அவரையே பார்ப்போம். 2007-08 சீசனில் டேவிட்சன் கல்லூரிக்காக 162 த்ரீ போட்டார், அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தில் அது அன்றைக்கு சாதனை. அந்த அணியில் பந்தைக் கொண்டுபோனவர் ஜேசன் ரிச்சர்ட்ஸ். அதே சீசனில் நாட்டிலேயே அதிக அசிஸ்ட் (கூடையில் முடிகிற பாஸ்) சராசரி அவருக்குத்தான். கரி பந்து இல்லாமல் ஓடி, ஸ்கிரீனை (எதிராளியை மறித்து நிற்கும் தன் அணி ஆளை) சுற்றி வந்து, கைக்கு வந்த பாஸை உடனே எறிந்தார். வீடியோவில் நீங்கள் அந்த எறிதலை மட்டும் பார்க்கிறீர்கள், ஓட்டத்தைப் பார்ப்பதில்லை.

கீழ்பவானி வாய்க்கால் பக்கம் ஒரு நாள் நின்று பார். மேல்மடைக்காரர் முழுக்கத் திருப்பிக்கொண்டால் கடைமடைக்குத் தண்ணீர் போகாது. பாயிண்ட் கார்டு மேல்மடையில் இருக்கிறவன். நாலு தடவை ஓடி வந்தும் பந்து வராத போஸ்ட் ஆள் ஐந்தாவது தடவை ஓடமாட்டான், டிஃபென்ஸிலும் கால் வைக்கமாட்டான். இதை நான் பல நல்ல அணிகளில் பார்த்து வருத்தப்பட்டிருக்கிறேன்.

இன்னொன்று, உங்கள் ஊர்ப் பக்கம் ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எப்படி அடிக்கும் என்று உனக்கே தெரியும். வெட்டவெளி சிமென்ட் கோர்ட்டில் அந்த மாதங்களில் தூர ஷாட்டை நம்பி ஆடாதே. உள்ளே புகுந்து ஆடு.

அடுத்த மேட்சில் வெளியே இருக்கும் நண்பன் ஒருவனிடம் நோட்டைக் கொடு. ஒவ்வொரு ஷாட்டுக்கும் கடிகாரத்தில் எத்தனை நொடி மிச்சம், பாஸ் வாங்கி எறிந்தாயா டிரிபிளில் இருந்து எறிந்தாயா, முன்னால் கை இருந்ததா என்று மட்டும் எழுதச் சொல். விழுந்ததா இல்லையா என்று எழுதவேண்டாம். அந்த நோட்டை நீயே கோச்சிடம் கொண்டுபோய்க் காட்டு. உட்கார வைத்தவரிடமே போய்க் கேட்கிற பையனை எந்தக் கோச்சும் விடமாட்டார்.

கேள்வி: நானும் கார்டுதான். தவறிவிடுமோ என்று பயந்து எப்போதும் பாஸ் கொடுத்துவிடுகிறேன். அதுவும் தப்பா சார்?
– கல்லூரி மாணவி, கோபி

பதில்: தப்புதான் அம்மிணி. நீ எறியமாட்டாய் என்று தெரிந்தால் உன்னைக் காக்கிறவள் உன்னை விட்டுவிட்டு உள்ளே போய் நிற்பாள், உங்கள் போஸ்ட் பிள்ளையை இரண்டு பேர் சூழ்ந்துகொள்வார்கள். கால் நிலையாக இருக்கிறது, முன்னால் கை இல்லை, உள்ளே உங்கள் ஆள் ரீபவுண்டுக்கு நிற்கிறாள் என்றால் யோசிக்காமல் எறி. ரிங்கில் பட்டுத் தவறினாலும் அவள் பிடித்தால் உங்களுக்கு மறுபடி 14 நொடி கிடைக்கும்.