கரை ஒதுங்கிய அலகுத் திமிங்கலத்தை அறுத்து ஆராய்வது எப்படி? கேள்வி பதில்

2024 ஜூலை 4 அன்று நியூசிலாந்தின் ஒட்டாகோ கடற்கரையில், டையெரி ஆற்று முகத்துவாரத்துக்கு அருகே ஐந்து மீட்டர் நீளமுள்ள ஆண் திமிங்கலம் ஒன்று இறந்து ஒதுங்கியது. அது மண்வெட்டிப் பல் அலகுத் திமிங்கலம்; பறவையின் அலகுபோல வாய் நீண்டிருக்கும் அலகுத் திமிங்கல வகையில் ஒன்று, உலகிலேயே மிக அரிதான திமிங்கல இனம். அதற்கு முன் அந்த இனத்தில் மனிதர் கண்டவை ஆறுதான். அவற்றில் ஒன்றைக்கூட முழு உடலாக அறுத்துப் பார்க்க முடிந்ததில்லை. அந்த ஆய்வை ஒட்டி வந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுதுகிறேன்.

ஜூலையில் கிடைத்ததை டிசம்பரில்தானே அறுத்தார்கள்? ஏன் சார் இவ்வளவு தாமதம்?

உடலை உடனே குளிர்பதனக் கிடங்குக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அந்த ஒரு முடிவால்தான் மற்றதெல்லாம் சாத்தியமானது. அதன்பின் நிபுணர்களை ஒன்றுசேர்க்க வேண்டும், இடம் பார்க்க வேண்டும். அதைவிட முக்கியமாக, அந்தக் கரைக்கு உரிய மாவோரி மக்களோடு, அதாவது நியூசிலாந்தின் பூர்வகுடிகளோடு, உட்கார்ந்து பேச வேண்டும். அவர்களுக்குத் திமிங்கலம் பெரும் பொக்கிஷம். டனீடினை அடுத்த மொஸ்கீலில் ஒரு வாரம் நடந்த ஆய்வில் அவர்கள் சமமான பங்காளிகளாக இருந்தார்கள். எலும்புக்கூடு அருங்காட்சியகத்துக்கு, தாடையும் பற்களும் அவர்களுக்கு என்று முடிவானது. அருங்காட்சியகத்தில் அந்தப் பாகங்களுக்கு முப்பரிமாண அச்சில் எடுத்த நகல் இருக்கும். என்னைக் கேட்டால் இதுதான் சரியான முறை.

ஆனால் உறைய வைப்பதில் ஒரு நஷ்டம் உண்டு. பனித்துகள்கள் திசுவின் செல்களைக் கிழித்துவிடும். எலும்பு, தசை, வயிறு, மரபணு ஆகியவற்றுக்கு இதனால் பெரிய பாதிப்பில்லை. நுண்ணோக்கியில் பார்க்க வேண்டிய நோய்க்கூறுகள் மங்கிப்போகும்.

இது அந்த அரிய இனம்தான் என்று எப்படி உறுதி செய்தார்கள்?

நிறமும் தலையின் வடிவமும் பல்லும் முதல் சந்தேகத்தைக் கொடுத்தன. உறுதி செய்தது மரபணுச் சோதனை.

இங்கே 2010இல் நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும். அதுவரை இந்த இனத்துக்கு ஆதாரமாக இருந்தவை ஒரு கீழ்த்தாடையும் இரண்டு மண்டையோட்டுப் பகுதிகளும் மட்டும்தான். அந்தத் தாடை 1872இல் நியூசிலாந்தைச் சேர்ந்த சாதம் (Chatham) தீவுகளில் கிடைத்தது. 2010 டிசம்பரில் நியூசிலாந்தின் ஒபாபே கடற்கரையில் ஒரு தாயும் குட்டியும் ஒதுங்கின. அங்கே அடிக்கடி ஒதுங்கும் கிரே அலகுத் திமிங்கலம் என்று நினைத்துப் படமெடுத்து, அளந்து, வழக்கம்போலச் சிறு திசுத்துண்டு வெட்டி வைத்துக்கொண்டு புதைத்துவிட்டார்கள். அந்தத் துண்டு ஆக்லாந்து பல்கலைக்கழகச் சோதனைக்குப் போன பிறகுதான் உண்மை தெரிந்தது. 2012இல் உலகுக்கு அறிவித்தார்கள். எலும்புகளைத் தோண்டி எடுத்தார்கள். "இது சாதாரண இனம்தானே, மாதிரி எதற்கு" என்று அன்று ஒருவர் சோம்பல்பட்டிருந்தால் அந்தத் தாயும் குட்டியும் மண்ணோடு போயிருக்கும்.

கத்தியை முதலில் எங்கே வைப்பீர்கள்?

கத்தி ரொம்ப நேரம் கழித்துத்தான் வரும். முதலில் படங்கள்: இரு பக்கமும், தலை, துடுப்பு, வால், ஒவ்வொரு தழும்பும். ஆண் திமிங்கலங்கள் பல்லால் கீறிக்கொண்ட இணைகோடுகள் இருக்கும், சுறா கடித்த வட்ட வடுக்கள் இருக்கும். தொண்டைக்கு அடியில் V வடிவில் இரண்டு பள்ளக்கோடுகள் தெரியும்; அலகுத் திமிங்கலத்துக்கு அது நல்ல அடையாளம்.

அடுத்து நீளம். உடலின் வளைவைத் தொட்டு அளக்கக் கூடாது. டேப்பை உடலுக்குப் பக்கத்தில் நேராகப் பிடிக்க வேண்டும். மற்ற திமிங்கலங்களில் மேல்தாடை நுனியிலிருந்து வாலின் நடுப்பிளவு வரை அளப்போம். அலகுத் திமிங்கலத்துக்கு அந்தப் பிளவு பெரும்பாலும் இருக்காது; வால் விளிம்பின் நடுப்புள்ளி வரை அளக்க வேண்டும். புதியவர்கள் தடுமாறும் இடம் இது.

அப்புறம்தான் தோலையும் கொழுப்பையும் பட்டை பட்டையாக உரிப்பது. முதுகு, விலா, வயிறு என்று குறித்த இடங்களில் கொழுப்பின் தடிமனை அளந்தால் பட்டினி கிடந்ததா என்று தெரியும். உள்ளுறுப்பு ஒவ்வொன்றிலும் இரட்டை மாதிரி எடுப்போம்: ஒன்று உறைபெட்டிக்கு, ஒன்று திசுவைக் கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்துக்கு. ஃபார்மலினுக்குப் போகும் துண்டு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தடித்தால் நடுப்பகுதி அழுகிவிடும். திரவமும் திசுவைப் போலப் பத்து மடங்கு வேண்டும்.

வயிற்றில் என்ன இருந்தது?

ஒன்பது அறைகள் கொண்ட வயிறு! இந்த இனத்தின் வயிற்றமைப்பை யாரும் அதற்கு முன் பார்த்ததே இல்லை. உள்ளே கணவாய் மீன்களின் மிச்சமும் ஒட்டுண்ணிப் புழுக்களும் இருந்தன. கணவாயின் அலகு லேசில் செரிக்காது; அதை வைத்து எந்த இனம், எவ்வளவு பெரியது என்று கணக்கிடலாம். மேல்தாடை ஈறுக்குள் பயனற்றுப்போன குட்டிப் பற்களும் கிடைத்தன. இவை பல்லால் கடித்து உண்பவை அல்ல. இளநீரை ஸ்ட்ராவில் இழுப்பதுபோல, நாக்கைப் பின்னிழுத்து இரையை வாய்க்குள் உறிஞ்சுபவை.

செத்தது எதனால்?

தாடை உடைந்திருந்தது, தலையிலும் கழுத்திலும் கன்றிய காயங்கள் இருந்தன. தலையில் அடிபட்டே இறந்திருக்க வேண்டும் என்று ஆய்வுக் குழு கருதியது. எதில் அடிபட்டது என்பதை உடல் சொல்லவில்லை.

கடற்படை சோனாரால் இவை சாகின்றன என்பது உண்மையா?

உண்மை. சோனார் என்பது நீருக்குள் ஒலியை அனுப்பித் தேடும் கருவி. 2002 செப்டம்பரில் கேனரி தீவுகளில் கடற்படைப் பயிற்சியின்போது 14 அலகுத் திமிங்கலங்கள் ஒதுங்கின. அறுத்துப் பார்த்தவற்றில் ரத்தநாளங்களில் வாயுக் குமிழ்களும் கொழுப்புத் துளிகளும் அடைத்திருந்தன. ஆழ்கடல் மூழ்குநர்களுக்கு வரும் அழுத்த நோயைப் போன்ற நிலை அது. 2004இல் ஸ்பெயின் அந்தத் தீவுகளைச் சுற்றி அந்தச் சோனாருக்குத் தடை விதித்தது. ஆனால் உடல் அழுகினாலும் குமிழ் வரும். அதனால் இறந்த சில மணி நேரத்துக்குள் பார்த்தால்தான் இந்தச் சான்று நிற்கும். உள்காதும் அப்படித்தான், தாமதித்தால் கரைந்துவிடும்.

ஐயா, இலங்கையில் அலகுத் திமிங்கலம் ஏதாவது ஒதுங்கியதுண்டா?

உண்டு. 1963 ஜனவரியில் கொழும்பை அடுத்த இரத்மலானையில் ஒன்று ஒதுங்கியது. இலங்கை விலங்கியலாளர் பி.இ.பி. தெரணியகல அதைப் புதிய இனம் என்று அறிவித்தார். பிறகு வந்தவர்கள் வேறோர் இனத்தோடு அதைச் சேர்த்துவிட்டார்கள். 2014இல் மரபணு ஆய்வு அவர் சொன்னதே சரி என்று காட்டியது. எலும்பு பத்திரமாக இருந்ததால் வந்த நியாயம் அது.

எங்கள் ஊர்க் கரையில் ஒன்றைப் பார்த்தால் நான் என்ன செய்யட்டும் அண்ணா?

முதலில் வனத்துறைக்குச் சொல்லுங்கள். இந்தியாவில் திமிங்கலங்கள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை; பல்லைப் பிடுங்கினாலும் குற்றம். உயிரோடு இருந்தால் மூச்சுத்துளைக்குள் தண்ணீர் போகாமல் பார்த்து, தோலை ஈரமாக வையுங்கள். வாலைப் பிடித்து இழுக்காதீர்கள். இறந்திருந்தால் வெறுங்கையால் தொட வேண்டாம், கிருமி தொற்றும். வயிறு உப்பியிருந்தால் தள்ளியே நில்லுங்கள். உள்ளே வாயு அழுத்தம் இருக்கும், குத்தினால் பீறிட்டு வரும். தலையைப் பக்கவாட்டில், வாயை அருகில், முழு உடலைத் தூரத்திலிருந்து படமெடுங்கள். பக்கத்தில் அளவுக்கு ஒரு படகுத் துடுப்பையோ செருப்பையோ வையுங்கள். ஜேசிபி வந்து குழி தோண்டுவதற்குள் அந்தப் படங்கள் வனத்துறையிடம் போய்ச் சேரட்டும். புதைத்தே ஆக வேண்டுமென்றால், புதைத்த இடத்தையாவது குறித்து வையுங்கள்.