தியென்ஹோங் கேள்வி பதில்: கொதிக்கவிடாதீர்கள், ஊறவிடுங்கள்

சீனாவின் யுன்னான் மாகாணத்துக் கறுப்புத் தேயிலை தியென்ஹோங். அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

அண்ணா, நண்பர் ஒருவர் கொடுத்த தியென்ஹோங்கை வழக்கம்போல் கொதிக்கவிட்டு இறக்கினேன். கஷாயம் மாதிரி இருந்தது. சரக்கு மட்டமா?

சரக்கின் மேல் பழி போடாதீர்கள். நம் வீட்டு சி.டி.சி. தூள் (இலையை நசுக்கிக் கிழித்துக் குருணையாக்கியது) பாலோடு கொதிக்கவைக்க ஏற்றது. இது முழு இலை. கொதித்தால் வாசம் ஆவியோடு போய், துவர்ப்பு மட்டும் மிஞ்சும். 200 மி.லி. தண்ணீருக்கு 2 முதல் 3 கிராம் இலை போதும். தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து, கொஞ்சம் அடங்கியதும் (90 முதல் 95 டிகிரி) இலைமேல் ஊற்றி மூடிவிடுங்கள். மூன்று நிமிடத்தில் வடிகட்டுங்கள். இலையை உள்ளேயே விட்டுவிட்டுப் போன் பேசப் போகக்கூடாது, அவ்வளவுதான்.

ஸ்பூன் கணக்கை நம்பாதீர்கள். மொட்டு அதிகமுள்ள இலை பஞ்சு மாதிரி இருக்கும், ஸ்பூன் நிறைய எடுத்தாலும் எடை நிற்காது. சமையலறைத் தராசு இருந்தால் நல்லது.

சின்ன மூடிக் கிண்ணத்தில் திரும்பத் திரும்ப ஊற்றிக் குடிக்கிறார்களே, அதில் என்ன விசேஷம்?

அந்தக் கிண்ணத்துக்குக் கைவான் என்று பெயர். 100 மி.லி. கிண்ணத்தில் 4, 5 கிராம் இலை போட்டு, முதல் முறை பத்து விநாடியில் வடிப்பார்கள். பிறகு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நேரம் கூட்டுவார்கள். ஐந்தாறு முறை தாங்கும். முதலில் தேனும் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கும் கலந்த வாசம். நடுவில் மால்ட் (முளைகட்டி வறுத்த தானிய வாசம்), கொக்கோ, சிலவற்றில் மிளகுக் காரம். கடைசியில் வெறும் இனிப்பு. மூன்று நிமிடம் ஊறவைக்கும்போது இவை எல்லாம் ஒரே கப்பில் கலந்துவிடும். கைவான் இல்லையென்றால் சின்ன எவர்சில்வர் டம்ளரும் வடிகட்டியும் போதும்.

முதல் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டுமா?

வேண்டாம். அது யுன்னானின் இன்னொரு தேயிலையான பூ-அரின் வழக்கம். தியென்ஹோங்கின் நல்ல வாசம் முதல் தண்ணீரில்தான் இருக்கிறது. அதைக் கொட்ட எனக்கு மனசு வராது.

இலை தங்க நிறமாக இருப்பது சாயமா? முதல் கப்பில் ஏதோ தூசி மிதக்கிறது, ஐயா.

இளம் மொட்டின் மேல் வெள்ளை ரோமம் இருக்கும். இலையை வாட்டிச் சுருட்டிப் புளிக்கவைக்கும்போது, வெளிவரும் சாறு பட்டு அது பொன்னிறமாகும். நீங்கள் பார்த்த தூசி அந்த ரோமம்தான். கப்பை வெளிச்சத்தில் பிடித்தால் மெல்லிய இழைகளாகத் தெரியும். ஆனால் தங்க நிறம் கூடினால் டீ நன்றாக இருக்கும் என்று அர்த்தமில்லை. வெறும் மொட்டு மென்மையாகவும் இனிப்பாகவும் இருக்கும். இலையும் கலந்தால்தான் கனம் வரும். என் ஓட்டு கலந்ததற்கே.

ஆறினதும் டீ கலங்கிவிட்டது. கெட்டுவிட்டதா?

இல்லை. கறுப்புத் தேயிலைக்கு நிறம் தரும் தேஃபிளேவின் போன்ற பொருள்கள் சூடு குறையும்போது கஃபீனோடு சேர்ந்து பிரிவதால் வரும் கலங்கல் அது. மறுபடி சூடாக்கினால் தெளியும். சாறு நிறைந்த தேயிலையில்தான் இது நன்றாகத் தெரியும். மேலே பளபளவென்று ஏடு படிந்தால் அது வேறு விஷயம், உங்கள் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். போர் தண்ணீரை விட்டுவிட்டு வடிகட்டிய தண்ணீரில் போட்டுப் பாருங்கள்.

இது எவ்வளவு பழைய தேயிலை?

தேயிலை மரம் யுன்னானில் மிகப் பழையது. தியென்ஹோங் அப்படியல்ல. ஜப்பானியப் படையெடுப்பில் சீனாவின் கிழக்குத் தேயிலைப் பகுதிகள் முடங்கியபோது, ஏற்றுமதிக்கு வேறு இடம் தேடினார்கள். கீமுன் என்ற கிழக்குச் சீனக் கறுப்புத் தேயிலையில் அனுபவமுள்ள ஃபெங் ஷாவோச்சியு 1938-ல் யுன்னானில் இன்றைய ஃபெங்ச்சிங் பகுதிக்குப் போய், அங்கிருந்த பெரிய இலை ரகத்தில் கறுப்புத் தேயிலை செய்து பார்த்தார். 1939-ல் அங்கே தொழிற்சாலை வந்தது. அந்தப் பெரிய இலை ரகமும் அஸ்ஸாம் செடியும் ஒரே வகை, அசாமிகா. இரண்டுக்கும் மால்ட் சுவை பொதுவாக இருப்பதில் ஆச்சரியமில்லை.

பால் ஊற்றலாமா, அக்கா கேட்கச் சொன்னாள்.

உடைந்த இலைத் தரத்தில் தாராளமாக ஊற்றலாம், கனம் தாங்கும். மொட்டுத் தரத்தில் ஊற்றினால் காசு வீண். இஞ்சி, ஏலக்காய்க்கு நம் டீத்தூளே போதும் என்று அக்காவிடம் சொல்லுங்கள்.

இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறேன். இதைக் குடிக்கலாமா?

சாப்பாட்டோடும் மாத்திரையோடும் சேர்த்துக் குடிக்காதீர்கள். தேயிலை இரும்பு உடம்பில் சேர்வதைக் குறைக்கும். எவ்வளவு இடைவெளி விடலாம் என்று உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஃபிரிட்ஜில் வைக்கலாமா?

தேவையில்லை. காற்றுப் புகாத டப்பா, இருட்டு, மசாலா அலமாரியிலிருந்து தூரம். பெருங்காயத்தின் பக்கத்தில் வைத்தால் அந்த வாசனையும் கப்பில் வரும். ஒன்றரை வருடத்துக்குள் தீர்ப்பது நல்லது. வெயிலில் உலர்த்திய ஷாய்ஹோங் வகை மட்டும் வைக்க வைக்க மாறிக்கொண்டே போகும், அதனால் எது என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.