ஆளைக் கண்டால் வால், நாயைக் கண்டால் பல்: கேள்வி பதில்

காப்பகத்து நாய்களை நடைக்குக் கூட்டிப்போகிற வேலையைப் பத்து வருடத்துக்கு மேலாகச் செய்கிறேன். என் வீட்டில் இருக்கும் சுந்தரியும் அங்கிருந்து வந்தவள்தான். மனிதர் யாராக இருந்தாலும் மடியில் ஏறப் பார்ப்பாள். தெருமுனையில் இன்னொரு நாயின் காது நுனி தெரிந்தால் போதும், வேறு ஆளாகிவிடுவாள். இந்த ரக நாய்களைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றுக்கு என் பதில்கள் கீழே. நான் கால்நடை மருத்துவர் இல்லை என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

அக்கா, மூன்று வயது ஆண் நாயைத் தத்தெடுத்து இரண்டு வாரம் ஆகிறது. வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் குழைகிறான். வெளியே வேறு நாயைப் பார்த்தால் லீஷ் அறுந்துவிடும் போலப் பாய்கிறான். நாளைக்கு இந்தக் கோபம் எங்கள் பக்கம் திரும்புமா?

இது முதலில் வந்த கேள்வி மட்டுமல்ல, அதிகம் பேர் கேட்டதும் இதுதான். நாய்க்கு நாய் ஆகாமல் போவதும், மனிதரைக் கடிப்பதும் ஒரே ஏணியின் இரண்டு படிகள் அல்ல. சக நாயைக் கண்டால் மிரளுகிற எத்தனையோ நாய்கள் சாகும்வரை ஒரு மனிதரைப் பார்த்து உறுமியதில்லை.

ஒரே ஒரு இடத்தில் கவனம் வேண்டும். எதிர் நாயைப் பார்த்து உச்சத்தில் கத்திக்கொண்டிருக்கும்போது நடுவில் உங்கள் கையோ காலோ போனால், அது யாருடையது என்று அவன் பார்க்க மாட்டான். என் இடது கெண்டைக்காலில் ஒரு தழும்பு இருக்கிறது. சுந்தரி போட்டது. தப்பு என்னுடையது, அவளைக் காலால் தள்ளி மறிக்கப் போனேன். அந்த நேரத்தில் கழுத்துப்பட்டையைப் பிடிக்காதீர்கள், லீஷைப் பிடித்தபடி நீங்கள் பின்வாங்குங்கள். சின்னக் குழந்தையை எந்த நாயோடும், எவ்வளவு சாதுவானாலும், தனியாக விட வேண்டாம். அது இவனுக்கு மட்டுமான விதி இல்லை.

ஏன் இப்படி ஆகிறது? அடித்து வளர்த்திருப்பார்களோ?

இருக்கலாம். ஆனால் அவசியமில்லை. குட்டிக்கு ஏறத்தாழ 3 முதல் 14 வாரம் வரை உலகத்தை அறிமுகம் செய்துகொள்கிற காலம். அந்த நாட்களில் மனிதர்களை நிறையப் பார்த்து, வேறு நாய்களைப் பார்க்காமலே போனால், பின்னால் ஒன்று பழகினதாகவும் மற்றது அந்நியமாகவும் நின்றுவிடும். வேறு சில நாய்கள் ஒரு வயதுவரை எல்லோருடனும் புரண்டு விளையாடிவிட்டு, ஒன்றிலிருந்து மூன்று வயதுக்குள் முதிரும்போது பொறுமை குறைந்துபோகும். எதுவும் தப்பாக நடந்திருக்க வேண்டியதில்லை, வளர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

காப்பகமும் தன் பங்குக்குச் சேர்க்கும். கூண்டு வரிசையில் எல்லாம் ஒன்றாகக் குரைக்கும்போது சத்தம் 100 டெசிபலைத் தாண்டும். கம்பிக்கு அந்தப் பக்கம் நாள் முழுக்க நாய்கள் போகும் வரும், இவன் கிட்டவும் போக முடியாது, தூரவும் ஓட முடியாது. மாதக்கணக்கில் இப்படி இருந்தவனுக்கு நாய் என்றாலே தலைக்குள் மணி அடிக்கத்தான் செய்யும். வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் என்றால் அவன் இன்னும் மூட்டையையே பிரிக்கவில்லை. இப்போது பார்ப்பதை வைத்து அவன் குணத்தை முடிவு கட்டாதீர்கள்.

என் நாய்க்குப் பயமா, கோபமா, இல்லை விளையாடப் போகத் துடிக்கிறதா? பார்க்க எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கிறது.

குரைக்க ஆரம்பித்த பிறகு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதற்கு முந்தின மூன்று விநாடியைப் பாருங்கள்.

சுந்தரி நடக்கும்போது வாய் திறந்து, நாக்கு ஒரு பக்கம் தொங்கும். தூரத்தில் நாய் தெரிந்ததும் முதலில் அந்த வாய் மூடும். வேறெதுவும் மாறாது. பிறகு எடை முன்னங்கால்களுக்குப் போகும், வால் மேலே ஏறி விறைக்கும். சில நாய்கள் இதற்கு நேர்மாறு: எடை பின்னால், உதட்டை நக்கும், தலையைத் திருப்பும் ஆனால் கண் மட்டும் அங்கேயே நிற்கும், வெள்ளை தெரியும். அது பயம். உடம்பு முழுக்க நெளிந்து, கீச்சுக் குரலில் அழுது இழுப்பது பெரும்பாலும் ‘போக விடு’ என்கிற ஏமாற்றம். முதுகு முடி சிலிர்ப்பதை வைத்து எதையும் சொல்ல முடியாது, வெறும் பரபரப்பிலும் சிலிர்க்கும்.

வாலாட்டினால் நட்பு என்று நம்பாதீர்கள். விறைத்த வாலும் ஆடும்.

பயிற்சியை எங்கிருந்து தொடங்குவது?

தூரத்திலிருந்து. எதிர் நாயை அவன் பார்க்கிறான், ஆனால் வாய் மூடவில்லை, நீங்கள் கூப்பிட்டால் திரும்புகிறான் என்றால் அது சரியான தூரம். ஒரு நாய்க்கு அது 15 மீட்டர், இன்னொன்றுக்கு 80 மீட்டர். வெட்கப்படாமல் 80 மீட்டரில் நில்லுங்கள்.

நாய் கண்ணில் பட்டதும் ட்ரீட், அதாவது அவனுக்குப் பிடித்த தீனித்துண்டு. பட்டுக்கொண்டே இருக்கும்வரை ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருக்கும். அது மறைந்ததும் ட்ரீட் நின்றுவிடும். ஒழுங்காக உட்கார்ந்ததற்குக் கூலியாக இதைக் கொடுக்கவில்லை. அந்த நாயின் தலை தெரிவதுதான் கோழித்துண்டுக்கு அறிவிப்பு என்று அவன் மண்டையில் ஏற வேண்டும். வரிசை முக்கியம்: முதலில் நாய், பிறகு ட்ரீட். மாற்றிச் செய்தால் ட்ரீட் பையைத் திறக்கிற சத்தமே ‘ஐயோ, நாய் வருகிறது’ என்று ஆகிவிடும். இதை நான் செய்து கெடுத்திருக்கிறேன்.

சில வாரம் கழித்து ஒரு நாள் அவன் நாயைப் பார்த்துவிட்டு, நீங்கள் கூப்பிடாமலே, ‘எங்கே என் பங்கு?’ என்று உங்கள் முகத்தைப் பார்ப்பான். அன்றைக்கு இரண்டடி கிட்டே போகலாம். இரண்டடிதான்.

ஒரு நடைக்கு மூன்று நாயைப் பார்த்தது போதும். ஒவ்வொன்றாகப் பார்க்கும்போது சமாளிக்கிறவன் நாலாவதில் வெடிப்பான், காரணம் அந்த நாலாவது நாய் இல்லை, சேர்ந்துபோன மூன்றும்தான். பெரிய ரகளை நடந்த மறுநாள் நடையை ரத்து செய்துவிட்டு வீட்டில் ட்ரீட்டை ஒளித்து மோப்பம் பிடிக்க விடுங்கள்.

வெளியே போனால் ட்ரீட்டையே சீண்ட மாட்டேன் என்கிறான்.

கிட்டத்தில் நிற்கிறீர்கள். இன்னும் பின்னால் போங்கள்.

நிறைய நாய்கள் விளையாடுகிற இடத்தில் அவிழ்த்துவிட்டால் தானாகப் பழகிவிடும் என்கிறார்களே?

நீச்சல் தெரியாதவரை நடு ஆற்றில் தள்ளுகிற யோசனை அது. பழகியது போல ஒரு ஓரத்தில் அசையாமல் நிற்பான், அதைப் பார்த்து ‘பார், அமைதியாகிவிட்டான்’ என்பார்கள். உறைந்துபோயிருக்கிறான். அன்றைக்கு ஒன்றும் நடக்காமல் போனாலும் அடுத்த வாரம் நடக்கும்.

உறுமினால் அதட்டலாமா? ஒரு பயிற்சியாளர் ஷாக் காலர் (மின்னதிர்ச்சி தரும் கழுத்துப்பட்டை) போடச் சொல்கிறார். நாம்தான் கூட்டத்துக்குத் தலைவன் என்று காட்ட வேண்டுமாம்.

உறுமல் என்பது அவன் கொடுக்கிற எச்சரிக்கை. அதற்காக அடி வாங்கினால் அடுத்த முறை எச்சரிக்காமல் கடிப்பான். ‘முன்னறிவிப்பே இல்லாமல் கடித்தது’ என்று சொல்லப்படுகிற நாய்களில் பல, அறிவித்து அறிவித்துத் திட்டு வாங்கினவை.

ஷாக் காலரில் இன்னொரு சிக்கல். எதிரே நாய் தெரிகிற நேரம் பார்த்துக் கழுத்தில் சுரீர் என்றால், ‘குரைத்தது தப்பு’ என்று அவன் படிப்பான் என்று என்ன நிச்சயம்? ‘நாய் தெரிந்தால் வலிக்கும்’ என்றே படிக்கலாம். நாம் அழிக்கப் பார்க்கிற நம்பிக்கையே அதுதான்.

தலைவன் கதை 1947-இல் விலங்கு நடத்தை ஆய்வாளர் ருடால்ஃப் ஷென்கெல் அடைத்துவைத்த ஓநாய்களைப் பார்த்து எழுதியதில் தொடங்கியது. காட்டு ஓநாய்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த டேவிட் மெக், தானே முன்பு பரப்பிய அந்தக் கருத்தைத் திருத்தி, இயற்கையில் ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் ஒரு தாய், தந்தை, அவற்றின் பிள்ளைகள்தான் என்று 1999-இல் எழுதினார். அது ஓநாய். இவன் நாய். வேறு பயிற்சியாளரைப் பாருங்கள்.

வாய்க்கூடு போட்டுக் கூட்டிப்போனால் எல்லோரும் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். கூச்சமாக இருக்கிறது.

பார்க்கட்டும், அப்படியே ஒதுங்கியும் போவார்கள். நமக்கு வேண்டியதும் அதுதானே? கூடை வடிவத்தில் இருப்பதை வாங்குங்கள், வாயைத் திறந்து மூச்சு வாங்க, தண்ணீர் குடிக்க, ட்ரீட் தின்ன முடிய வேண்டும். வாயை இறுக்கிக் கட்டுகிற துணி ரகம் நடைக்கு ஆகாது, உடம்புச் சூட்டை நாய் மூச்சிரைத்துத்தான் தணித்துக்கொள்கிறது. முதல் நாளே மாட்டிவிடாமல், கூடைக்குள் ட்ரீட் வைத்து அவனாக மூக்கை நுழைக்க விடுங்கள். சுந்தரிக்குப் பத்து நாள் ஆனது. இப்போது கூடையை எடுத்தால் நடைக்குப் போகிறோம் என்று குதிக்கிறாள்.

நாம் ஒதுங்கினாலும், கட்டாமல் விட்ட நாய் ஓடி வருகிறதே. வளர்க்கிறவர் தூரத்திலிருந்து ‘ஒண்ணும் பண்ணாதுங்க!’ என்று கத்துகிறார்.

உலகத்திலேயே எனக்குப் பிடிக்காத வாக்கியம். ‘என் நாய் பண்ணும், பிடியுங்கள்’ என்று திருப்பிக் கத்துங்கள். கை நிறைய ட்ரீட் எடுத்து வருகிற நாயின் முகத்துக்கு முன்னால் தரையில் வீசுங்கள். பெரும்பாலும் நின்று பொறுக்கும், உங்களுக்குப் பத்து விநாடி கிடைக்கும். ‘திரும்பு’ என்றதும் உங்களோடு சட்டென்று திரும்பி நடக்க வீட்டுக்குள்ளேயே தினமும் பழக்கிவையுங்கள். லீஷ் இரண்டு மீட்டருக்குள், நீளம் மாறாததாக இருக்கட்டும். இழுக்க இழுக்க நீளுகிற ரகம் இந்த நாய்களுக்கு வேண்டவே வேண்டாம்.

மீறிச் சண்டையே வந்துவிட்டால்?

கையை நடுவில் விடாதீர்கள். பலகை, நாற்காலி, கனமான போர்வை, பக்கெட் தண்ணீர், எது கிடைத்தாலும் இடையில் போடுங்கள். இரண்டு ஆட்கள் இருந்தால் ஆளுக்கொரு நாயின் பின்னங்கால்களைத் தொடைக்கு மேலே பிடித்துத் தூக்கி, தள்ளுவண்டியைப் பின்னால் இழுப்பது போல ஒரே நேரத்தில் இழுக்கலாம். கவ்வியிருந்தால் இழுக்காதீர்கள், சதை கிழியும், விடும்வரை பொறுக்க வேண்டும். உங்களுக்குப் பல் பட்டிருந்தால் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். தடுப்பூசி போட்ட நாய்தானே என்று தள்ளிப்போட வேண்டாம்.

கருத்தடை செய்தால் அடங்குவானா?

வேறு காரணங்களுக்காகச் செய்யுங்கள். பயத்தில் வருகிற சீற்றம் அதனால் போகாது.

ஆறு வருடம் எல்லா நாய்களோடும் நன்றாக இருந்தவள், போன மாதத்திலிருந்து கிட்டே வந்தாலே சீறுகிறாள்.

பயிற்சியாளரை விடுங்கள், மருத்துவரிடம் போங்கள். இடுப்பு மூட்டு, பல், காதுக்குள் புண், தைராய்டு என்று பார்க்கச் சொல்லுங்கள். இடுப்பு வலிக்கிறவளை ஒரு குட்டி வந்து இடித்தால் அவள் வேறு என்ன செய்வாள்? வலி இல்லை, பதற்றம்தான் என்று தெரிந்தால் ஃப்ளூஆக்ஸெட்டின் மாதிரி மருந்து தருவதும் உண்டு. அது வேலை செய்யத் தொடங்க 4 முதல் 6 வாரம் ஆகும். கூடவே பயிற்சியும் நடக்க வேண்டும்.

வீட்டில் ஏற்கெனவே ஒரு பெண் நாய் இருக்கிறது. மற்ற நாய்களோடு ஆகாத ஓர் ஆண் நாயையும் எடுக்க ஆசை. எப்படிச் சேர்ப்பது?

நேருக்கு நேர் மூக்கோடு மூக்கு வைக்காதீர்கள். இரண்டு பேர், இரண்டு லீஷ், வெளி இடத்தில் ஒரே திசையில், நடுவே தெரு அகலம் விட்டு நடங்கள். இருவரும் புல்லை மோந்துகொண்டு மற்றதை மறந்து நடந்தால் இடைவெளியைக் குறையுங்கள். ஒரே நாளில் முடிய வேண்டியதில்லை. வீட்டுக்குள் வந்த பிறகு சில வாரத்துக்குச் சாப்பாடு தனித்தனி அறையில், பொம்மை, எலும்பு எதுவும் தரையில் கிடக்கக் கூடாது, ஆள் இல்லாத நேரத்தில் நடுவில் கதவு. ஆணும் பெண்ணும் என்பது உங்களுக்குச் சாதகம், இரண்டு பெண் நாய்களின் பகைதான் ஒரே வீட்டில் தீர்ப்பதற்குக் கடினம். இவ்வளவு செய்தும் ஒத்துவராவிட்டால் திருப்பிக் கொடுப்பதில் கேவலம் எதுவுமில்லை.

நான் காப்பகத்தில் வேலை செய்கிறேன். எங்களிடம் இப்படி ஒருவன் எட்டு மாதமாக இருக்கிறான். கூண்டு அட்டையில் ‘மற்ற நாய்களோடு ஆகாது’ என்று எழுதியிருக்கிறோம். படித்துவிட்டு எல்லோரும் அடுத்த கூண்டுக்குப் போய்விடுகிறார்கள்.

உண்மையை மறைக்காதீர்கள், ஆனால் இரண்டாவது வரிக்கு இறக்குங்கள். முதல் வரியில் அவன் என்ன செய்வான் என்று எழுதுங்கள். உட்கார்ந்தால் காலில் சாய்வானா, தூங்கும்போது குறட்டை விடுவானா, அதை எழுதுங்கள். பிறகு ‘வீட்டில் ஒரே பிள்ளையாக இருக்க விரும்புகிறான், நடைக்கு ஆள் குறைந்த நேரம் வேண்டும்’ என்று சேர்த்துவிடுங்கள். முதல் சந்திப்பைக் கூண்டு முன்னால் வைக்காதீர்கள், பக்கத்துக் கூண்டுகளைப் பார்த்து அவன் கத்துவதைத்தான் காண்பார்கள். பின்கதவு வழியாகக் கூட்டிப்போய் மரத்தடியில் உட்கார வைத்து, வருகிறவரை அங்கே வரச் சொல்லுங்கள். சுந்தரியை நான் அப்படித்தான் முதலில் பார்த்தேன். என் செருப்பின் மேல் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுத்தாள்.